முதுமையில் நாடிகளும் சிறுநீரகமும்

மனிதனுடைய வயது அவனுடைய நாடிகளின் வயதே என்பது மேனாட்டு மருத்துவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கூற்று. இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களாகிய நாடிகள் இளமையில் இறப்பர்க் குழாய்போல் விரிந்து சுருங்குவன, முதுமையில் விறைப்பெய்துவன. அதே காலத்தில் இடுப்பு வளைய மறுக்கின்றது. முழங்கால் மடங்க மறுக்கின்றது. இவை யாவரும் அறிந்த மாற்றங்கள். இவற்றோடு, யாரும் காணாத மற்றொரு மாற்றமும் உடலினுள்ளே நிகழ்கின்றது. சிறுநீரகங்களுக்குட் பாயும் குருதியின் அளவு ஆண்டுதோறும் குறைந்து செல்கின்றது.

இக்குறைவு மூப்பின் மாறா விதியா, அன்றி மூப்போடு சேர்ந்து வரும் நோய்களின் செயலா என்ற வினா 1950 ஆம் ஆண்டு தொட்டு ஆராய்ச்சியாளரை அலைக்கழித்து வந்திருக்கின்றது. ஏட்டுச் சுரைக்காய் போன்ற வினாவன்று இது. எழுபது வயதான ஒருவரை நோயாளி என்று பதிவதா, வயதுக்கேற்ற சுகத்தோடிருப்பவர் என்று பதிவதா என்பதும், அவருக்கு எத்துணை மருந்து கொடுக்கலாம் என்பதும் இதற்கு அளிக்கப்படும் விடையையே சார்ந்துள்ளன.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடலின் நிறையில் நூற்றில் அரைப்பங்கு தானும் இல்லை. ஆயினும் ஓய்ந்திருக்கும் மனிதனின் இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவற்றையே நாடிச் செல்கின்றது. நிமிடமொன்றுக்கு ஓர் இலீற்றருக்கு மேற்பட்ட குருதி! தம் நிறையோடு ஒப்பிடுமிடத்து மூளையைக் காட்டிலும் பன்மடங்கு குருதியைப் பெறுவன இவ்வுறுப்புக்கள். தாம் உயிர்வாழ இத்துணைக் குருதி இவற்றுக்கு வேண்டுவதில்லை. குருதியை வடித்துத் தூய்மை செய்தற்பொருட்டே இவ்வெள்ளம் இவ்வழியாகப் பாய்கின்றது. நாளொன்றுக்கு 180 இலீற்றர் வரை வடிக்கப்பட்டு, அதில் ஒன்றிரண்டு இலீற்றர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகின்றது.

வடிகட்டும் இடத்தை முதலிற் கண்டவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பீகி. சிறுநீரகத்தின் நாடியுட் கறுத்த திரவத்தைச் செலுத்தி, மரக்கிளைகளிற் பழங்கள் தொங்குவனபோலச் சிறு உருண்டைகள் தொங்குவதை அவர் நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். அதனை 1666 இல் எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து இலட்சம் அளவில் உள்ள இவ்வுருண்டைகளையே இன்று கலன்கோளங்கள் என்கிறோம். 1842 இல் இங்கிலாந்தில் வில்லியம் போமன் இவற்றின் அமைப்பை விளக்கினார். அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லுட்விக், குருதியின் அமுக்கமே நீரை இவற்றினூடாக வடியச் செய்கின்றது என்று வாதித்தார். லுட்விக்கின் கருத்து மெய்யென்று காட்ட எண்பது ஆண்டுகள் சென்றன. 1924 இல் பிலடெல்பியாவில் ரிச்சட்ஸ் என்பாரும் அவருடைய துணைவரும் மயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழாயொன்றைத் தவளையின் கலன்கோள உறையுட் புகுத்தி, வடிந்த நீரை எடுத்துச் சோதித்தனர்.

தவளையில் இயல்வது மனிதனில் இயலாது. உயிரோடு நடமாடும் ஒருவனின் சிறுநீரகத்தை வெட்டிப் பாராமல், அதனூடே ஓடும் குருதியை எவ்வாறு அளப்பது? இதற்கு வழி கண்டவருள் தலையாயவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோமர் ஸ்மித். அவர் கண்ட வழி எளிமையானது; எண்ணுந்தோறும் வியப்பை விளைப்பது. டேலியா முதலிய செடிகளின் கிழங்குகளில் இனுலின் என்றொரு மாப்பொருள் உண்டு. அதைக் குருதியிற் கலந்தால் உடல் அதனைப் பயன்படுத்துவதில்லை. கலன்கோளத்தில் நீரோடு வடியும். வடிந்தபின் திரும்ப உறிஞ்சப்படுவதுமில்லை, புதிதாகச் சேர்க்கப்படுவதுமில்லை. ஆகவே ஒரு நிமிடத்திற் சிறுநீரில் வந்த இனுலின், எத்தனை மில்லிலீற்றர் குருதித் தெளிவில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டால், அதுவே அந்நிமிடத்தில் வடிந்த அளவாகும். ஸ்மித்தும் ஷானனும் 1935 அளவில் இம்முறையை மனிதரிற் கையாண்டனர்.

வடிந்த அளவு இவ்வாறு கிடைத்தது. பாய்ந்த அளவுக்கு வேறொரு பொருள் வேண்டியிருந்தது. டயோட்றாஸ்ற் எனப்படும் மருந்து சிறுநீரகத்தினூடே ஒருமுறை செல்லும்போதே ஏறத்தாழ முழுவதும் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுவிடுகின்றது. வாசலினூடே புகுந்தோர் அனைவரும் ஒரே மண்டபத்தில் இருத்தப்பட்டால், மண்டபத்திலிருப்போரை எண்ணி வாசலிற் புகுந்தோர் தொகையை அறியலாமன்றோ? அது போன்றதே இது. கணக்கு எளிதாயினும் சோதனைக்கு உட்படுவோர் நிலை எளிதன்று. நாளத்தில் ஊசியேற்றி, சிறுநீர்ப்பையிற் குழாய் செலுத்தி, மணிக்கணக்காகப் படுக்கையிற் கிடக்க வேண்டும். இச்சோதனைக்கு உடன்பட்டுக் கிடந்த பெயரறியா மனிதரின் பொறுமையின்மேலேதான் பிற்கால அறிவு முழுவதும் எழுந்தது.

முதியோரிடம் இம்முறையைப் பெருமளவிற் பயன்படுத்தியவர் நேதன் ஷொக். 1941 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகர மருத்துவமனையில் அமைந்திருந்த முதுமை ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பை அவர் ஏற்றார். டேவீஸ் என்பாரோடு சேர்ந்து 24 வயது முதல் 89 வயது வரையுள்ள 70 ஆடவரைச் சோதித்து, 1950 இல் அதன் பேற்றை வெளியிட்டார். இருபதுகளிலிருந்தோரிடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 613 மில்லிலீற்றராக இருந்த குருதித் தெளிவின் பாய்ச்சல், எண்பதுகளிலிருந்தோரிடம் 289 மில்லிலீற்றராகக் காணப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட வீழ்ச்சி! வடிந்த அளவோ 123 இலிருந்து 65 ஆகியிருந்தது. வயதைக் கிடைக்கோட்டிலும் அளவை நிலைக்கோட்டிலும் குறித்து வரைந்தால், சரிந்து செல்லும் நேர்கோடொன்று தோன்றும்.

இக்கோடு பாடநூல்களிற் புகுந்தது. முப்பது வயதின் பின் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் சிறுநீரகத்தின் ஆற்றல் குறையும் என்று மாணவர் மனனஞ் செய்தனர்.

பாய்ச்சல் குறைந்ததற்குக் காரணம் என்ன? குழாய்கள் விறைத்து அடைபட்டனவா, அல்லது இறுகச் சுருங்கி நின்றனவா? விறைத்த குழாய் விரியாது; சுருங்கிய குழாய் விரியக்கூடும். இதனை அறிய மக்டொனல்ட், சொலமன், ஷொக் ஆகியோர் 1951 இல் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். காய்ச்சலை உண்டாக்கும் பொருளொன்றைச் செலுத்தியபோது முதியோரின் சிறுநீரகக் குழாய்களும் விரிந்தன. குருதிப் பாய்ச்சல் உயர்ந்தது. முதுமையின் வீழ்ச்சி முழுவதும் சிதைவாலானதன்று, ஓரளவு இறுக்கத்தாலும் ஆயது என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும் கதை இத்தோடு முடியவில்லை. 1974 இல் ஹொலன்பேர்க் என்பாரும் அவர் குழுவினரும், உறவினருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்த சுகதேகிகள் 207 பேரை ஆராய்ந்தபோது, வயது கூடக் கூடக் குழாய்களை விரிக்கும் மருந்துக்கு அவை இணங்கும் தன்மை குன்றுவதைக் கண்டனர். இறுக்கமும் உண்டு, விறைப்பும் உண்டு என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, அந்த நேர்கோட்டுக்குத் திரும்புதல் தகும். அக்கோட்டில் ஒரு குறை மறைந்திருந்தது. அது கணக்கின் குறையன்று; காட்சியின் குறை. 1950 இல் அளக்கப்பட்ட இருபது வயதினரும் எண்பது வயதினரும் வெவ்வேறு மனிதர். எண்பது வயதினர் தம் இருபதாம் வயதில் எவ்வாறிருந்தனர் என்பதை அளந்தவர் எவருமிலர். ஓர் ஊரில் எண்பது வயதினருட் பலர் எழுத்தறியாதவராகவும், இருபது வயதினர் யாவரும் எழுத்தறிந்தவராகவும் இருக்கக் கண்டால், வயது ஏற ஏற எழுத்தறிவு மறந்துபோகும் என்று முடிவு கட்டுவார் உண்டோ? எண்பது வயதினர் சிறுவராயிருந்த காலத்தில் ஊரிற் பள்ளிக்கூடம் இருக்கவில்லை, அவ்வளவே. அதுபோல, 1870 அளவிற் பிறந்து, நோயெதிர் மருந்துகள் இல்லாத காலத்தில் தொற்றுநோய்களுக்கு ஆளாகி வளர்ந்த ஒரு தலைமுறையையும், 1920களிற் பிறந்த தலைமுறையையும் ஒரே கோட்டில் நிறுத்தியதால் வந்த சரிவு எவ்வளவு, வயதால் வந்த சரிவு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. போதாக்குறைக்கு, ஷொக்கின் தொடக்ககால ஆய்வுகளுக்கு வந்த முதியோர் பெரும்பாலும் மருத்துவமனையைச் சார்ந்து வாழ்ந்தோர். வறுமையும் பழைய நோய்களும் அவரோடு வந்தன.

ஷொக் இதனை உணராதவரல்லர். ஒரே மனிதரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து அளத்தல் வேண்டும் என்பது அவருடைய அவா. ஓய்வுபெற்ற மருத்துவரான வில்லியம் பீற்றர் என்பாரின் துணையோடு 1958 இல் அத்தகைய ஆய்வைப் பால்ற்றிமோரிலே தொடக்கினார். சுகத்தோடு சமூகத்தில் வாழும் ஆடவர் தாமாகவே முன்வந்து, தம் நண்பரையும் உறவினரையும் அழைத்து வந்தனர். ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து தங்கி, சோதனைகளுக்கு உட்பட்டுச் சென்றனர். பெண்கள் 1978 வரை சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மானிட முதுமையை ஆராயப் புகுந்தோர் மானிடத்திற் பாதியை இருபது ஆண்டுகள் வெளியே நிறுத்தி வைத்தமை வியப்புக்குரியது.

இவ்வாய்வின் சிறுநீரகப் பகுதி 1985 இல் வெளிவந்தது. லின்ட்மன், ரோபின், ஷொக் ஆகிய மூவரும் 1958 முதல் 1981 வரை திரட்டிய அளவுகளை ஆராய்ந்தனர். சிறுநீரக நோயும் உயர் குருதியமுக்கமும் இல்லாத 254 பேரைத் தனியே பிரித்தெடுத்தனர். இங்கே கையாளப்பட்ட அளவு குருதிப் பாய்ச்சலன்று. கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருள் வடிக்கப்படும் வேகம். சராசரியாக நோக்கின் ஆண்டுக்கு 0.75 மில்லிலீற்றர் வீதம் அது குறைந்தது. பழைய கோடு பொய்யன்று என்றே தோன்றும். ஆனால் மனிதரைத் தனித்தனியே நோக்கியபோது, அவருள் மூன்றிலொரு பங்கினருக்கு எக்குறைவும் நிகழ்ந்திருக்கவில்லை. மிகச் சிலருக்கோ அளவு உயர்ந்தே இருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாமே வரைந்த கோட்டின் பொருளைத் திருத்திய கட்டுரையிலும் ஷொக்கின் பெயர் இருந்தது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய நேர்மை அடிக்கடி காணக்கிடைப்பதன்று. அவர் 1989 இற் காலமானார்.

குறைந்தவருக்கும் குறையாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? அதே ஆய்வுக்குழுவினர் 1984 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விடை உண்டு. குருதியமுக்கம் உயர்ந்திருந்தோரிடம் வீழ்ச்சி விரைவாக நிகழ்ந்தது. இங்கேதான் நாடிகளின் மீள்தன்மை வரலாற்றினுட் புகுகின்றது.

குதிரையின் நாடியிற் குழாய் செருகிக் குருதியின் அமுக்கத்தை முதன்முதலில் அளந்த ஸ்ரீவன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1733 இல் வெளியிட்ட நூலிலே பெருநாடியைத் தீயணைக்கும் பொறியின் காற்றறைக்கு ஒப்பிட்டார். பொறியின் பம்பு விட்டுவிட்டு நீரைத் தள்ளினாலும், காற்றறை அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வதால் நீர் விடாது பாய்கின்றது. இருதயத் துடிப்பு ஒவ்வொன்றின்போதும் பெருநாடி விரிந்து குருதியிற் பகுதியை ஏற்றுக்கொள்கின்றது. துடிப்புகளுக்கு இடையே சுருங்கி அதனை முன்னே செலுத்துகின்றது. நாடி விறைத்தால் இவ்வுதவி இல்லாது போகும். ஒவ்வொரு துடிப்பும் சம்மட்டி அடிபோல நுண்ணிய குழாய்கள் வரை சென்று தாக்கும். மற்றை உறுப்புக்களின் குழாய்கள் பெரும்பாலும் ஒடுங்கி நின்று அவ்வடியைத் தடுக்கின்றன. சிறுநீரகமோ பெருவெள்ளத்தை ஏற்பதற்காகத் தன் வாயில்களை அகலத் திறந்து வைத்திருக்கும் உறுப்பு. ஆகலின் அடி நேராகக் கலன்கோளங்களைச் சென்று சேர்கின்றது. மூளைக்கும் இந்நிலையே. முதுமையில் இவ்விரு உறுப்புக்களும் சேர்ந்து நலிவதன் காரணத்தை 2005 இல் ஓரூர்க், சபார் ஆகிய இருவரும் இவ்வாறு விளக்கினர்.

விறைப்பை அளக்கும் வழி அதற்கு வெகுகாலம் முன்னரே தெரிந்திருந்தது. விறைத்த குழாயில் நாடித்துடிப்பின் அலை விரைந்து ஓடும். இளகிய குழாயில் மெல்லச் செல்லும். 1922 இல் பிராம்வெல், ஏ. வி. ஹில் ஆகிய இருவரும் மனிதரில் இவ்வேகத்தை அளந்தனர். ஐந்து வயதுக் குழந்தையில் செக்கனுக்கு 5 மீற்றர் அளவாயிருந்த வேகம், எண்பத்து நான்கு வயதில் 8 மீற்றரைத் தாண்டியது.

உடலின் வளைவுக்கும் நாடியின் இளக்கத்துக்கும் தொடர்புண்டோ என்ற வினாவை மிகப் பிற்காலத்திலேயே கேட்டனர். உடல்வளைவை அளக்கும் எளிய முறையொன்றை 1952 இல் கதரின் வெல்ஸ், ஈவ்லின் டிலன் என்னும் இரு பெண்மணிகள் வகுத்தனர். கால்களை நீட்டி அமர்ந்து, முழங்கால் மடியாமல் முன்னே குனிந்து, விரல்நுனி எவ்வளவு தூரம் எட்டுகின்றது என்று பார்ப்பதே அது. பாடசாலைத் தேகப்பயிற்சி ஆசிரியருக்கென எழுந்த இச்சோதனை 2009 இல் மருத்துவ ஆராய்ச்சியினுட் புகுந்தது. யமமோட்டோ என்பாரும் அவர் குழுவினரும் ஜப்பானில் 20 முதல் 83 வயது வரையுள்ள 526 பேரை இவ்வாறு அமர்த்தி அளந்து, அவர்தம் நாடியலையின் வேகத்தையும் அளந்தனர். இளையோரிடம் வேறுபாடு காணப்படவில்லை. நடுவயதினரிடமும் முதியோரிடமும், குனிந்து எட்ட இயலாதவரின் நாடிகள் எட்டக்கூடியவரின் நாடிகளைவிட விறைத்திருந்தன. தேகவலிமையையும் மூச்சுத்திறனையும் கணக்கிலெடுத்த பின்னரும் அத்தொடர்பு நிலைத்தது.

இச்செய்தி பரவியதும், காலைத் தொட்டுக் குனிபவருக்குச் சிறுநீரகம் கெடாது என்று சொல்லப் புகுந்தோரும் உளர். அவ்வாறு சொல்லுதற்கு இடமில்லை. அவ்வாய்வு சிறுநீரகத்தை அளக்கவேயில்லை. அன்றியும், 1950 இன் கோட்டிலிருந்த அதே குறை இதிலும் உண்டு: வெவ்வேறு மனிதரை ஒரே காலத்தில் ஒப்பிட்டதேயன்றி, குனியப் பழகிய ஒருவரின் நாடி ஆண்டுகள் செல்லச் செல்ல இளகிற்றா என்று தொடர்ந்து பார்த்ததன்று. உடலின் தசைகளையும் நாடிகளையும் பிணைக்கும் நார்ப்பொருள்கள் ஒரே இனத்தவை. வயதால் இரண்டும் ஒருங்கே விறைக்கலாம். இடுப்பு வளையாமை நாடி விறைத்தமைக்கு அடையாளமாயிருக்கலாம், காரணமாயிருத்தல் வேண்டுவதில்லை. கடும் உழைப்பின்போது குருதி தசைகளை நோக்கித் திரும்புவதால் சிறுநீரகத்தின் பங்கு குறைகின்றது என்பதும், ஓய்ந்தபின் அது மீள்கின்றது என்பதும் 1940களிலேயே அறியப்பட்டவை. ஆகவே உடற்பயிற்சியின் நன்மையைச் சிறுநீரகத்துக்குக் குருதி பாய்ச்சும் நேர்வழியாகக் கருதுதல் பொருந்தாது. குருதியமுக்கம் வழியாக வரும் நன்மையே பேசத்தக்கது.

மூன்றிலொரு பங்கினர் குறையாதிருந்தனர் என்ற செய்தியைப் பற்றிக்கொண்டு மூப்பே பொய் என்று சொல்வதும் தவறு. 2010 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆராய்ச்சியாளர், சிறுநீரகம் தானஞ் செய்த 1,203 சுகதேகிகளின் இழையங்களை நுணுக்குக்காட்டியிற் சோதித்தனர். தழும்பேறிய அடையாளங்கள் 30 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 3 பேரளவிலும், எழுபதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 73 பேரிலும் காணப்பட்டன. இவரெல்லாம் நோயின்றி இருந்தோர். நோயிருப்பின் அவர்தம் தானம் ஏற்கப்பட்டிராது. கலன்கோளங்கள் பல மறைந்தும், எஞ்சியவை கூடுதலாக உழைத்துக் குறையை மறைத்து வந்திருக்கின்றன.

இத்தனை நுட்பங்களும் அறியப்பட்ட பின்னரும், மருத்துவர் கையிற் கிடைத்தது ஓர் எளிய சூத்திரம். 1976 இல் கனடாவில் கொக்றொவ்ற், கோல்ற் ஆகிய இருவர் 249 நோயாளரின் அளவுகளைக் கொண்டு அதனை வகுத்தனர். குருதியிலுள்ள கிரியற்றினின் அளவையும் உடல்நிறையையும் வைத்து வடிப்பைக் கணிக்கும் அச்சூத்திரத்தின் முதல் உறுப்பு, 140 இலிருந்து வயதைக் கழி என்பது. இருவருக்கு நிறையும் குருதிச்சோதனையும் ஒன்றாகவே இருப்பினும், எண்பது வயதினருக்கு நாற்பது வயதினரிலும் குறைந்த எண்ணே கிடைக்கும். இதற்கு நியாயம் உண்டு. முதியவரின் தசை குறைவு, ஆதலாற் கிரியற்றினினும் குறைவாகவே உண்டாகும். மருந்தின் அளவை மிஞ்சவிடாமற் பல முதியோரின் உயிரைக் காத்ததும் அச்சூத்திரமே. ஆயினும் குறையாத மூன்றிலொருவருக்கு அதில் இடமில்லை.

2002 இல் அமெரிக்கச் சிறுநீரக அறிஞர் நோய்க்கு ஓர் எல்லை வகுத்தனர். வடிப்பு நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். இருபது வயதினருக்கும் எண்பது வயதினருக்கும் எல்லை ஒன்றே. 1950 இல் ஷொக் அளந்த எண்பது வயதினரின் சராசரியே 65 என்பதை நினைவிற் கொண்டால், இவ்வெல்லையால் எத்தனை முதியோர் ஒரே நாளில் நோயாளராயினர் என்பது விளங்கும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரரை வாட்டிவரும் சிறுநீரக நோய் இதனின் வேறு. அது உழைக்கும் வயதினரையே தாக்குவது, அதனை மூப்போடு குழப்புதல் ஆகாது. எல்லை ஒன்றாயிருத்தல் தகாது என்று வாதிட்டோர் பலர். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 45 என வைத்தல் வேண்டும் என்று 2019 இல் டெலனே முதலிய அறிஞர் எழுதினர். எல்லையைத் தாழ்த்தினால் உண்மை நோயாளர் சிலர் கவனிப்பின்றி விடப்படுவர் என்று மறுதரப்பினர் விடையிறுத்தனர். 2024 இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறை 60 என்ற எல்லையையே நிலைநிறுத்தியது.